காவலுக்கு ஒரு மாத்திரை

மார்ச் 4

இன்றும் அம்மாதான் பின்னிவிட்டாள். வகிடு கோணல். அக்கா படுத்தபடியே பார்த்து, "தலையில ரோடு போட்டிருக்காங்க, நடுவுல பள்ளம்" என்றாள். அழகு நிலையத்தில் மணப்பெண்களுக்கே பின்னுகிறவள். மூட்டுவாதம் வந்ததிலிருந்து அவள் விரல்கள் சீப்பைப் பிடிக்க மாட்டேன் என்கின்றன.

மார்ச் 9

அக்காவுக்குப் புது மருந்து ஏற்றப் போகிறார்கள். அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு பழைய சங்கதி வெளிவந்தது. எப்போதோ தொற்றிய ஹெபடைட்டிஸ் பி கிருமி அவள் கல்லீரலில் தூங்குகிறதாம். மூட்டைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை மருந்து அடக்கும். ஆனால் கிருமிக்குக் காவல் நிற்பதும் அதே சக்திதான். காவல் போனால் கிருமி எழுந்துவிடும். அதனால் தினமும் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை.

எனக்கும் அம்மாவுக்கும் பரிசோதனை, தடுப்பூசி. அக்கா தன் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். தம்ளரில் தொற்றாது என்று டாக்டரே சொன்னாரே! அவள் மிச்சம் வைத்த காப்பியை எடுத்துக் குடித்தேன். "உனக்கு ஓசிக் காப்பிக்கு ஒரு சாக்கு" என்றாள்.

ஜூலை 21

அக்கா பின்னினாள்! மண்டை தெறிக்கிற இறுக்கம். வலிக்கவே இல்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 2

இரண்டாம் சுற்று மருந்தும் முடிந்தது. அக்கா மறுபடி வேலைக்குப் போகிறாள்.

நவம்பர் 14

மாத்திரை அட்டை மேல் தூசி. கேட்டேன்.

"மருந்தே முடிஞ்சுபோச்சு, இன்னும் காவல் எதுக்குடி? காலையில அதைப் பார்த்தாலே நோயாளிங்கிற நெனப்பு. அம்மாகிட்ட மூச்சு விடாதே."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நவம்பர் 16

"நான் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் சொன்னது காதிலேயே இருக்கிறது. அக்கா சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டுச் சுருண்டு படுக்கிறாள். வேலைக் களைப்பா? சொன்னால் என்னோடு பேசமாட்டாள். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் —

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 19

அம்மா அக்காவை டாக்டரிடம் இழுத்துப் போனாள், நானும் போனேன். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது: கிருமி விழித்துக்கொண்டது. கல்லீரலைச் சீண்டவும் ஆரம்பித்துவிட்டது. ஏற்றிய மருந்தின் வேலை மாதக்கணக்கில் உடம்பில் நீடிக்குமாம். காவல் உடனே திரும்பாதாம். "இன்னும் விட்டிருந்தா ஆஸ்பத்திரியிலதான் படுத்திருப்பீங்க" என்றார் டாக்டர். மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் வழி முழுக்க அக்கா என்னைப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், "கோள்மூட்டி."

டிசம்பர் 5

நானே பின்னிக்கொள்கிறேன். எலிவால்.

ஜனவரி 8

நேற்றைய பரிசோதனையில் கிருமி அடங்கி வருகிறது என்றார்கள். அம்மா வெகுநேரம் முகம் கழுவினாள்.

இன்று காலை அக்கா சீப்போடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். மாத்திரையை விழுங்கி, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"பார்த்துக்கிட்டியா? போய் அம்மாகிட்ட சொல்லு."

பின்னினாள். அதே இறுக்கம்.

"வலிக்குதுக்கா" என்றேன்.

"அதானே, சொல்லாம இருப்பியா நீ" என்றாள். பிறகு கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.