வாய்விட்டுப் படித்த பதிவேடு

அன்புள்ள தம்பிக்கு,

பண்டிகைக்குச் சேலை எடுக்க இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. எடுத்த சேலையை மடியில் போட்டுக்கொண்டு உங்களை நினைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வேலை பார்த்த பேரூராட்சி அலுவலகத்தின் அலமாரியிலும் இதே வாசனைதான்.

எங்கள் தெருவிலிருந்து கடற்கரைக்குப் போகும் குறுகலான முடுக்கைக் குடோன்காரர் ஒருவர் இரும்புக் கதவு போட்டு அடைத்திருந்த நேரம் அது. கரையில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் சுமந்து நாங்கள் உப்பளத்தைச் சுற்றி வருவோம். அதற்குள் டவுன் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் சந்தைக்குப் போய் இறங்கினால் மீன் கண் வெளுத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரி வியாபாரத்தையே விட்டுவிட்டாள். அடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொன்னார்கள். வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டி, "எங்கள் வழியை ஏன் அடைத்தீர்கள்?" என்று எழுதிக் கொடுத்தேன். தகவல் அலுவலராக இருந்த நீங்கள், அதற்குப் பதில் தர இயலாது என்று இரண்டே வரியில் அனுப்பினீர்கள். நேரே சண்டைக்கு வந்தேன். நீங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள். மீன் வாடை ஆகாத சைவக்காரர், பாவம்.

"ஏன்னு கேட்டா நான் பதில் சொல்ல வேண்டியதில்லக்கா. ஆபீஸ்ல என்ன இருக்கோ அதக் கேளுங்க, காட்டியே ஆகணும். ரோட்டுப் பதிவேடும், கதவு போட அனுமதிச்ச தீர்மானமும் நேர்ல பாக்கணும்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். நாள் குறித்துக் கடிதம் வந்தது. சும்மா வருவோமா? ஏலம் முடிந்த கையோடு, சட்டியும் செதிலுமாகத் தெருப்பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றோம். உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"மனு போட்டவங்க மட்டும்தான் உள்ள வரலாம்" என்று தலைமை எழுத்தர் மறித்தார். நான் மட்டும் உள்ளே போனேன். நீங்கள் சன்னலோரம் நாற்காலி போட்டுப் பதிவேட்டை விரித்து வைத்தீர்கள். வெளியே நின்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, கரையில் ஏலம் கேட்கும் குரலில் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எங்கள் முடுக்கின் பெயர் வந்தது. கடற்கரை வரை பொதுப்பாதை என்று இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒருத்தி, "ஏளா, அத இன்னொருக்க படி" என்றாள். இன்னொருக்கப் படித்தேன். கூடவே வைத்திருந்த தீர்மானப் புத்தகத்திலோ, கதவுக்கு அனுமதி கொடுத்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

"இங்க சத்தம் போடக் கூடாது" என்று எழுத்தர் எழுந்தார்.

நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்கள்: "பதிவேட்டப் பாக்கலாம்னு சட்டம் இருக்கு சார். வாய மூடிட்டுத்தான் பாக்கணும்னு எங்கயும் இல்ல."

முத்திரை வைத்த நகலோடு கலெக்டர் ஆபீஸ் வரை அலைந்தோம். ஒரு வழியாகக் கதவைப் பெயர்த்தார்கள். கொஞ்ச நாளில் உங்களையும் கயத்தாறு பக்கம் தூக்கியடித்தார்கள். என்னால்தானே என்று நான் அழுதபோது, "அங்கயும் அலமாரி இருக்கும்லாக்கா" என்று சிரித்தீர்கள். எனக்கு ஆறவில்லை.

நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூட்டத்தில் என்னை யாருக்கும் தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டார் உங்கள் மனைவி. சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில கிடக்கையிலயும் கேட்டாவக்கா, அந்த முடுக்கு இன்னும் தெறந்துதான் கெடக்கான்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

உங்கள் கால் ஒருநாளும் படாத முடுக்கு அது, தம்பி. தினமும் விடியலில் தலையில் மீன் சட்டியோடு அதைக் கடந்து பஸ்ஸைப் பிடிக்கிறேன். வெளியே வந்ததும் ஒரு நொடி நின்று, உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்: "தெறந்துதான் கெடக்கு."