நான் தலைமை நர்ஸாக இருந்த ஒரு மணி நேரம்

கௌரவம் மிகுந்த என் மகளுக்கு,

உண்மையைச் சொன்னதற்காக உன் மாமனாரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாய். விருந்தில் என்னைத் தலைமை நர்ஸ் என்று அளந்துவிட்டது நீ.

சாப்பிடும்போதே அவருக்குச் சிறுநீர் போய்விட்டது. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாய். உன் புருஷன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். நான்தான் குளியலறைக்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டு, உடை மாற்றினேன்.

"தலைமை நர்ஸ் நீங்க, இதைப் போய் செய்யலாமா?" என்று கூசிப்போனார்.

"நர்ஸ் இல்லைங்க, ஆயா. ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் இதுதான் வேலை. உங்க மருமக படிச்சதும் இந்தச் சம்பளத்துலதான்."

"அதான் கை இவ்வளவு பக்குவமா இருக்கு," என்றார்.

அவர் ஈரத்தில் உட்கார்ந்திருந்தது உனக்கு உறுத்தவில்லை. உன் பொய் நாறியதுதான் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன். உன்னைக் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயா