நிறம் பார்த்துப் பொறுக்கிய ரிவெட்டுகள்

ஜூன் 9, திங்கள்
ஒரகடம் பயிற்சி மையத்தில் இன்று ரிவெட் தேர்வு. விமான உடம்பின் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற குட்டி ஆணிகள். நாற்பதைத் தட்டில் கலந்து கொட்டி, வகை பிரிக்கச் சொன்னார் சாமுவேல் சார். மற்றவர்கள் பூதக்கண்ணாடி தேடும்போதே நான் முடித்துவிட்டேன். பொன் நிறம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். நான்கே நிமிடம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண்ணுக்கு நிறம் சொல்லித்தர வேண்டுமா என்ன?

ஜூன் 10
நாற்பதுக்கு ஏழு.

ஜூன் 11
இன்றுதான் எழுத மனம் வந்தது. நிறம் வெறும் மேல்பூச்சாம். உள்ளே என்ன உலோகம் என்பதைத் தலையில் உள்ள குறிதான் சொல்லுமாம். சின்னக் குழி இருந்தால் ஒரு வகை, சின்ன மேடு இருந்தால் இன்னொன்று, இரண்டு கோடு இருந்தால் எல்லாவற்றிலும் பலமானது. மாற்றிப் போட்டால் தகடு தாங்காது.

"கலரு அழகா பிரிச்சிருக்கம்மா. ஆனா பிளேனு இன்னா முகூர்த்தத்துக்கா போவுது?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

20ஆம் தேதி மறுதேர்வு. முப்பத்தெட்டு எடுக்காவிட்டால் வெளியே. வெளியே என்றால் மாமாவின் கடை. நாள் முழுக்கப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டிக்கினு நிக்கணும் — என்னால முடியாது.

ஜூன் 12
அப்பாவுக்கு இது குலத்துக்கே வந்த அவமானம். "நம்ம வூட்டுப் பொண்ணு கலர்ல தப்பு பண்ணிச்சா? அந்த சார கூட்டிக்கினு வா, நான் பேசுறேன்."

"கலர் தப்பில்லப்பா. கலரப் பாத்ததுதான் தப்பு."

அவருக்குப் புரியவில்லை. எனக்கே இப்போதுதான் புரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு
சார் கொடுத்த கழிவு ரிவெட்டுகளை வைத்து, கண்ணை மூடி நகத்தால் தலையைத் தடவிப் பழகுகிறேன். "இன்னாடி, ஜபமா?" என்கிறாள் அம்மா. பழக்கம் முற்றிவிட்டது. மதியம் அப்பா தூங்கும்போது அவர் வழுக்கையில் ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. கை சும்மா இருக்குமா?

"இன்னாமா?" என்று எழுந்துவிட்டார்.

"மேடு. நீ ரெண்டாவது வகைப்பா."

ஜூன் 20
முப்பத்தெட்டு. தவறிய இரண்டும் பளபளவென்ற பொன் நிறம். ஒரு நொடி கண்ணைத் திறந்துவிட்டேன், சனியன்.

ஆகஸ்ட் 4, திங்கள்
விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற ஹேங்கரில் முதல் வேலை. ஒரு சிறு விமானத்தின் வயிற்றுத் தகட்டில் பதினான்கு ரிவெட் மாற்ற வேண்டும், எல்லாம் குழி வகை. டப்பாவிலிருந்து நான்தான் எடுத்தேன். நீளம் அளந்தேன், தலையைத் தடவினேன். பதினான்கிலும் குழி.

சாமுவேல் சார் வேறு வேலையில் இருந்தார். "நீ பாத்தா சரியாதான் இருக்கும் கலைவாணி, போடு" என்றார். ஜூன் மாதமாக இருந்திருந்தால் என்னைக் கையில் பிடித்திருக்க முடியாது.

"வேணாம் சார். நீங்களும் ஒரு வாட்டி பாத்துடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி.

அதற்கப்புறம் நான் இன்னொரு முறை பார்த்தேன்.