டொக்டர் சொன்னதும் உன் காதில் விழுந்ததும்

இன்று காலை சாயத்தண்ணி அடுப்பில் பொங்கி வழிந்தது. அந்தக் கருகல் வாசனையில் உன் நினைவு வந்துவிட்டது, தங்கச்சி. இந்தத் தோட்டத்தில் பிறந்து தேயிலைச் சாயத்தைக் குடிப்பதையே விட்டவள் நீ ஒருத்திதான்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கையை நிறுத்திவிட்டாய். "அக்கா, செடியெல்லாம் என்னையத் திட்டுது. ஒனக்குக் கேக்கலியா?" என்றாய். எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்டது. லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி அத்தை சொன்னாள்: "ஆத்தாக்காரி வளத்த லட்சணம், பேய் புடிச்சிருச்சு." அன்று தலைகுனிந்த அம்மா பிறகு நிமிரவேயில்லை. அத்தையின் சாவுக்குப் போனேன். ஒப்பாரி மட்டும் வைக்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில்தான் டொக்டர் விளங்கச் சொன்னார். "பேயும் இல்ல, வளர்ப்பும் இல்ல. மூளையில ஒரு இரசாயனம் அளவு மாறிப் போச்சு. அதனாலதான் இல்லாத குரல் கேக்குது." உன் காதில் பாதிதான் விழுந்தது.

"அப்ப சாயம் குடிக்கிறத விட்டுர்றேங்க" என்றாய்.

"சாயம் இல்லம்மா, இரசாயனம். சாயத்தக் குடிங்க, மாத்திரையையும் போடுங்க."

நீ மாத்திரையும் போட்டாய், சாயத்தையும் விட்டாய். சில மாதத்தில், "செடி வாய மூடிக்கிச்சுக்கா" என்று சிரித்தாய். சாயத்தை விட்டதால்தான் என்று கடைசிவரை சாதித்தாய். நீ போனது மார்வலியில். ஊர் என்னவோ, பைத்தியம் செத்தது என்றுதான் பேசியது. பேசிய வாய்கள் எல்லாம் எனக்கு ஞாபகமிருக்கின்றன.

போன வாரம், பிள்ளைத்தாச்சியாக இருக்கும் பேத்தியோடு கிளினிக் போனேன். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டார். பேத்தியின் மாமியார் என் கையைக் கிள்ளி, "இல்லன்னு சொல்லுங்க சம்பந்தி" என்றாள்.

"இருந்துச்சுங்க. என் கூடப்பொறந்தவளுக்கு" என்றேன்.

பேத்தி வெளிறிப்போனாள். "அப்ப எம்புள்ளைக்கும் வருமா?"

"கொஞ்சம் வாய்ப்பு கூட, அவ்வளவுதான். வந்தே தீரும்னு இல்ல" என்றார் மிஸ்ஸி. "தெரிஞ்சா நேரத்தோட மருந்து பாக்கலாம்."

சம்பந்தி இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறாள்.

மிஸ்ஸி கேட்காமலே உன் பெயரையும் அங்கே சொன்னேன். வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று. சொன்னதும், "என்னக்கா" என்று நீ கேட்பாய் போலிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உனக்கு ஆளில்லாமலே எத்தனை குரல் கேட்டது. எனக்கு அந்த ஒன்றுகூட இன்னும் கேட்கவில்லை.