கோடு உதைக்குதும்மா

எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசியில "சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டு முடிக்கிற என் அம்மாவுக்கு,

நீ போனதுக்கப்புறம் நம்ம ஜெலுத்தோங் பிளாட்டுல பெருசா ஒண்ணும் மாறல. லிஃப்ட் இப்பவும் அடிக்கடி கெட்டுப்போகுது. மாடிவீட்டு அங்கிள் இப்பவும் பாசார்ல மீன்காரரோட சண்டை போடுறாரு. தம்பி சேவியர் அதே பட்டறையிலதான் இருக்கான். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. நல்ல சேதிதான், உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். ஆனா சொல்லும்போதே எனக்குப் பயமா இருக்கு.

உனக்குத் தெரியாதா ஏன்னு? நரம்புத் தளர்ச்சி, நரம்புத் தளர்ச்சின்னு சொல்லியே எங்களை ஏமாத்திட்ட. நீ கண்ணைத் திறக்காமக் கிடந்தப்பதான் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாரு. இது வம்சத்துல வர்ற வியாதி, உங்க தாத்தாவுக்கும் இதுதான்னு உங்க அம்மாவே சொல்லியிருக்காங்க, பிள்ளைங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம், ரத்தம் கொடுத்தா தெரிஞ்சிடும்னாரு. நீயோ தாத்தா குடிச்சுக் குடிச்சே கை நடுங்கிச் செத்தாருன்னு எங்களுக்குச் சொல்லி வச்சிருந்த. அப்புறம் பாத்துக்கலாம்னு நானும் சேவியரும் கிரேத்தாவை ஓட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

அதனால உன் சாவுக்கு எனக்கு அழுகை வரல, கோபம்தான் வந்துச்சு. எனக்குள்ள என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு ஒரு வெறி. ஜுருவுல கார் விளம்பரத்துக்கு வரையறேன்ல, அந்த வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால காலையில எனக்காக வரைய ஆரம்பிச்சேன். கதையெல்லாம் கிடையாது. கண்ணை மூடி உக்காருவேன், உள்ள என்ன தெரியுதோ அதை வரைவேன். ஒரு அறை, ஒரு நாற்காலி, அதுல ஒரு பொம்பள. அவ்வளவுதான்.

அடியில விளக்கு எரியுற பலகை ஒண்ணு சேவியர் செஞ்சு கொடுத்தான். நேத்து வரைஞ்ச தாளை அதுல வச்சு, மேல புதுத் தாளைப் போட்டு, துளி மாத்தி மறுபடி வரையணும். எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சு ஓட்டினா அவ மூச்சு விடுவா, மெதுவா தலையைத் திருப்புவா. "வேலை வெட்டி இல்லாதவ"ன்னு நீ திட்டியிருப்ப. திட்டிக்கோ.

போன மாசம் டவுன்ல ஒரு பழைய கடைவீட்டு மாடியில இந்த மாதிரி படங்களைப் போட்டுக் காட்டினாங்க. என்னோடதும் ஓடுச்சு. முடிஞ்சதும் கெலுகோர் யூனிவர்சிட்டில படிக்கிற பொண்ணு ஒருத்தி ஓடி வந்தா. "அக்கா, அந்தக் கோடு நடுங்குதே, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குலா. எப்படிக்கா செஞ்சீங்க?"

எனக்குத் தலைகால் புரியல. கையால திரும்பத் திரும்ப வரைஞ்சா அப்படித்தான் வரும், ஒரே கோட்டை எந்தக் கையாலயும் அச்சு அசலா ரெண்டாந் தடவை போட முடியாதுன்னு பெரிய மேதை மாதிரி விளக்கம் சொன்னேன். பக்கத்துல நின்னவரு, போகப் போக நடுக்கத்தைக் கூட்டிட்டே போனீங்க பாருங்க, அதுதான் அழகுன்னு கையைக் குலுக்கினாரு. கூட்டினேனா? நான் எதையும் கூட்டலையேம்மா.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகல. முதல்ல வரைஞ்ச தாள்களையும் கடைசியா வரைஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல பரப்பினேன். முதல் தாள்கள்ல கோடு லேசா அசையுது, அது யாருக்கும் அசையும். கடைசித் தாள்கள்ல ஒவ்வொரு கோடும் முடியுற இடத்துல வெளிய எட்டி உதைக்குது. ரூலர் வச்சு வரைஞ்ச கதவுலகூட ஒரு உதை. அந்த உதையை எனக்குத் தெரியும். கோப்பிக் கப்பை மேசையில வைக்கும்போது உன் கை அப்படித்தான் உதைக்கும், கோப்பி சிந்தும், நீ எங்களைத் திட்டுவ.

அதைவிடக் கொடுமை, அந்தப் பொம்பள போகப் போகத் தன் கையை ஒளிக்கிறா. வலது கை அடியில, இடது கை மேல, மடியில வச்சு இறுக்கிப் புடிச்சுக்கிறா. அப்படி வரையணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. கோயில்ல நீ அப்படித்தான் உக்காந்திருப்ப. என்ன பக்தின்னு ஆளாளுக்கு உன்னைப் புகழ்ந்தாங்க. எனக்குள்ள யாரு இருக்கான்னு பாக்கப் போனேன், அங்க நீ உக்காந்திருக்க.

மத்தியானம் சேவியர் பொண்டாட்டியோட வந்தான். அவ சமையலறையில பழம் வெட்டிட்டு இருந்தப்ப அவனுக்குப் படத்தை ஓட்டிக் காட்டினேன், தாள்களையும் காட்டினேன். தெரிஞ்சு என்ன பண்ணப் போறக்கா, மருந்து இருக்கான்னு கேட்டான். இல்லன்னேன். அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்னு குரலைத் தாழ்த்திக் கேட்டான். இதை நான் உன்கிட்டதான் கேக்கணும். தெரிஞ்சே எங்களைப் பெத்தியா, இல்ல பெத்த பிறகுதான் தெரிஞ்சுதா?

திடீர்னு அவன் பலகைக்கு முன்னால உக்காந்து விளக்கைப் போட்டான். பென்சிலை எடுத்தான்.

"நானும் ஒரு கோடு போட்டுப் பாக்கவாக்கா?"

அவன் கையைப் பென்சிலோட சேத்துப் புடிச்சுட்டேன். "வேணாம்டா."

"பயமா?"

ஆமான்னேன். அவன் கையை இழுக்கல, நானும் விடல. பென்சில் முனை தாள் மேல தட்டிட்டே இருந்துச்சு. யாரு கை ஆடுதுன்னு எனக்குத் தெரியலம்மா.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்கிறேன். சேவியர் வந்தா வரட்டும், அவனை நான் இழுத்துட்டுப் போக மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் உனக்குச் சத்தியம் பண்ணித் தரேன். அவன் பிள்ளை வளந்து, அத்தை கை ஏன் இப்படி உதைக்குதுன்னு கேக்குற அன்னைக்கு, பாட்டிக்கும் இப்படித்தான் உதைச்சுச்சுன்னு சொல்லிடுவேன்.

உன் மேல இன்னும் கோபம் ஆறாத,
உன் கையையே வாங்கிட்டுப் பொறந்த மூத்த மகள்,
ரீத்தா