மாத்திரை டப்பா மணி

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

அம்மாவுக்கு மரகதம் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சே, அவர் சாமானையெல்லாம் யாருக்காவது கொடுத்துடட்டுமான்னு போனில் கேட்டாய். அதுக்குத்தான் எழுதறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகள் ரஞ்சனாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நேரத்துக்கு மணியடிக்கும் மாத்திரை டப்பா ஒன்று செய்யறாங்க. டப்பா சின்னது, உள்ளே போற புரோகிராம் பெரிசாம். அதில் ஒரு துண்டைப் போட்டால் அதுக்குத் துணைன்னு பத்து வந்து உட்கார்ந்துக்குமாம். வேண்டாததுன்னு தோணினதையெல்லாம் ஒரே நாளில் எடுத்துட்டாங்க. மறுநாள் காலை எட்டு மணிக்கு அடிக்க வேண்டியது மதியம் ஒன்றரைக்கு அடித்தது. நான் கடிகாரம் பார்த்து எட்டுக்கே மாத்திரை கொடுத்தாச்சு. பெரியவர் மறுபடி கை நீட்டினார். "இது பொய் மணி ஐயா"ன்னு டப்பாவை மூடிட்டேன். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை.

"நம்ம ஊரு நேரத்தைச் சொல்ற துண்டையும் சேர்த்துத் தூக்கிட்டேன் அக்கா, அது இல்லாம டப்பா அஞ்சரை மணி பின்தங்கின உலகப் பொது நேரத்துக்கு அடிக்குது"ன்னு ரஞ்சனா தலையில் அடிச்சுக்கிட்டாங்க. இப்போ ஒன்றை எடுத்து, ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொடறாங்க.

நீயும் அப்படியே செய் அம்மா. முதலில் அவர் செருப்பை மட்டும் கொடு. கொடுத்ததும் எனக்குச் சொல்லு. ஒரு வாரம் எனக்குத் தாங்குதான்னு இருந்து பார்க்கிறேன். சட்டையை இப்போ தொடாதே.

பெரியவர் கூப்பிடறார்.

மரகதம்