மாலிஸுக்கு என்ன பிடிக்கும்?

கம்போங் ஸ்பூ,
கம்போடியா.

மிசோரத்தில் இருக்கும் மதிப்புக்குரிய அக்கா தங்சுவாலி அவர்களுக்கு,

சொகோம் கைகூப்பி எழுதிக்கொள்வது. உங்கள் மகள் ரின்புயீ குடியிருக்கும் வீட்டுக்காரி நான். நான் கெமர் மொழியில் சொல்லச் சொல்ல, அவள் சபைப் போதகரின் மனைவி ஆங்கிலத்தில் எழுதுகிறார். இது ரின்னுக்குத் தெரியாது. தெரிந்தால் எழுத விடமாட்டாள்.

அவள் நலமாக இருக்கிறாள். வந்த புதிதில் எங்கள் ஊறவைத்த மீனின் வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், இப்போது பச்சை மாங்காயோடு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மலைநாட்டுப் பெண்ணுக்கு எங்கள் வெயில்தான் இன்னும் ஒத்துவரவில்லை.

மொழி வரவில்லை, வந்த சபை ஊழியத்துக்கு லாயக்கில்லை என்று போனில் உங்களிடம் அழுதாளாம். அழுதிருப்பாள். கெமர் வகுப்பில் கூடப் படித்தவர்கள் மேல்வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவள் மறுபடியும் அதே வகுப்பில். சந்தையில் இவள் வாயைத் திறந்தாலே கறிக்கடைக்காரி சிரிப்பாள். இவள் மறுநாளும் அவளிடமே போய், சிரித்த சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவாள். அந்தத் துணிச்சல் எனக்கு வராது, அக்கா.

என் மகள் மாலிஸ் இறந்ததை உங்களிடம் சொல்லியிருப்பாள். துணி ஆலைக்குப் பெண்களை நிற்கவைத்து ஏற்றிப்போகும் லாரி கவிழ்ந்துவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். பிக்குகள் ஓதினார்கள். அவள் நல்ல பிறவி எடுப்பாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். போதகரும் வந்து ஆறுதலாகப் பேசினார். எதுவும் என் காதில் ஏறவில்லை. சோறும் இறங்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. ரின்னோ வாசலைப் பெருக்கினாள், அடுப்பு மூட்டினாள், கஞ்சியைத் தீய்த்தாள்.

ஒரு நாள் அந்தக் கஞ்சியோடு வந்து என் முன்னால் மண்டியிட்டாள். "சித்தி, கொஞ்சம் தின்னு" என்றாள்.

அது நாங்கள் மாட்டுக்குச் சொல்லும் சொல். பக்கத்து வீட்டுக்காரி, "ஏம்மா, துக்க வீட்டுல மாட்டுக்குச் சொல்றதையா சொல்றது?" என்று கடிந்துகொண்டாள். ரின்னுக்கு முகம் வெளுத்துவிட்டது. திருத்திக்கொள்கிறேன் என்று, பிக்குகளுக்கு மட்டும் சொல்வதை எடுத்தாள்: "சித்தி, அமுது செய்யுங்கள்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்தது. அத்தனை நாளாக வராதது எல்லாம் வந்தது. ரின் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு நானே வாங்கிக் குடித்தேன்.

குடித்து முடித்ததும், "மாலிஸுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள்.

எங்கள் மொழியில் இருப்பவருக்கும் இறந்தவருக்கும் வினைச்சொல் மாறாது, அக்கா. இறந்தவர் என்றால் 'உயிரோடு இருந்தபோது' என்று முன்னால் சேர்த்துக்கொள்வோம். எல்லோரும் மறக்காமல் சேர்த்துத்தான் பேசினார்கள். ரின்னுக்கு அது தெரியாது. மாலிஸ் வேலையிலிருந்து வந்துகொண்டிருப்பது போலக் கேட்டாள். நானும் அப்படியே பதில் சொன்னேன். வறுத்த தவளை பிடிக்கும், கண்ணாடி பார்க்கப் பிடிக்கும், என்னை எதிர்த்துப் பேசப் பிடிக்கும். புரியாத இடத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவளுக்காக என் மகளைப் பற்றி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை சொன்னேன்.

அந்த 'உயிரோடு இருந்தபோது' என்பதை இன்றுவரை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

போன ஞாயிறு சபையில் அவள் வேதம் வாசித்தாள். நான் புத்தரைக் கும்பிடுகிறவள். அவள் என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. வெளிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு இடத்தில் தடுக்கினாள், நிறுத்தாமல் வாசித்து முடித்தாள். கறிக்கடைக்காரியும் என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குள் திரும்பி வரச் சொல்லி எழுதியிருக்கிறீர்களாம். ரின் துணிகளைப் பையில் வைக்கிறாள், பிறகு எடுத்து மறுபடி கொடியில் போடுகிறாள். நீங்கள் கூப்பிட்டால் வந்துவிடுவாள்; நல்லபடி வளர்த்திருக்கிறீர்கள். பெற்றவள் கூப்பிடும்போது குறுக்கே நிற்க எனக்கு உரிமை இல்லை. அவள் புறப்படும்போது விமான நிலையம் வரை நானே கூடப் போவேன். எந்த வண்டியிலும் தனியாக ஏற விடமாட்டேன்.

உங்கள் கைகால் சுகத்துக்கும் வீட்டாரின் நலத்துக்கும் கோயிலில் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொள்கிறேன். அவள் புறப்படும் நாளை மட்டும், அக்கா, கொஞ்சம் தள்ளிச் சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தங்கை,
சொகோம்